மங்கா கோட்டின் மேல் வண்ணம்: ராஃபிலிருந்து அச்சுக் கோப்பு வரை

தூரிகையில் கை பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு உருவம் வரையத் தெரியும், நிழல் போடத் தெரியும், வண்ணம் கலக்கத் தெரியும். இப்போது ஜப்பானில் இருக்கும் ஒரு மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர், தன் பாத்திரத்தை வைத்து ஒரு வண்ணப்படம் சேர்ந்து செய்யலாம் என்கிறார். தொகுதியின் அட்டையாக இருக்கலாம், முகப்புப் படமாக இருக்கலாம், அவரே அச்சிட்டு விற்கும் தோஜின்ஷியின் அட்டையாகவும் இருக்கலாம். கோடு அவருடையது, வண்ணம் உங்களுடையது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். "அவர் கோட்டை முடித்து அனுப்பட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்கிறார்கள். கோடு வந்து சேரும்போது ஒளி எங்கிருந்து விழுகிறது, கருங்கூந்தலில் வண்ணத்துக்கு இடம் உண்டா, தலைப்பு எங்கே வரும் என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குள் முடிவாகிப் போயிருக்கும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். வண்ணம் தீட்டும் கட்டம் ஆறாவதாகத்தான் வருகிறது.

1. தூரிகையைத் தொடும் முன் பேசி முடிக்க வேண்டியவை

முதல் கேள்வி, படம் எங்கே போகிறது? பி5 (182 × 257 மி.மீ.) அட்டைக்கும் கையடக்கத் தொகுதி அட்டைக்கும் திரையில் மட்டும் காட்டும் படத்துக்கும் அளவு வேறு, நுணுக்கம் வேறு. இதைக் கேட்காமல் ஆரம்பித்தால், கடைசியில் பெரிதாக்கும்போது கோடு படிக்கட்டு மாதிரி உடையும்.

இரண்டாவது, எதில் யார் சொல்வது கடைசிச் சொல்? நான் எப்போதும் முன்வைக்கும் பிரிவினை இதுதான்: முகம், கை, உடல்மொழி ஆகியவற்றில் மங்கா ஓவியர் சொல்வதே முடிவு. ஒளி, வண்ணம், பின்னணி ஆகியவற்றில் என் முடிவு. இதை எழுத்தில் வைத்துக்கொண்டால் பாதி மனக்கசப்பு வராது.

மூன்றாவது, திருத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை. ராஃபில் (முதல் கிறுக்கல்) இரண்டு, வண்ணத்தில் ஒன்று என்று நான் வைத்துக்கொள்கிறேன். ராஃபில் அதிகம் வைப்பதற்குக் காரணம், அங்கே ஒரு மாற்றத்துக்குப் பத்து நிமிடம்தான் ஆகும். வண்ணத்தில் அதே மாற்றம் இரண்டு நாளைத் தின்றுவிடும்.

நான்காவது உரிமை. நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தச் சில விஷயங்கள் தெரிந்தே ஆக வேண்டும். பாத்திரம் அவருடையது. உங்கள் வண்ணப்படம் அதிலிருந்து பிறந்த படைப்பு. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் 27, 28ஆம் பிரிவுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், தழுவல் தொடர்பான அந்த உரிமைகள் தருபவரிடமே தங்கியதாகக் கருதப்படும். நம் 1957 சட்டத்தின் 19ஆம் பிரிவில், கால அளவு எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே காலம், எல்லை, எந்தெந்தப் பயன்பாடு, உங்கள் பெயர் எந்த இடத்தில் வரும், உங்கள் தளத்தில் படத்தை எப்போது காட்டலாம் என்ற ஐந்தையும் எழுதி வாங்குங்கள். பதிப்பகம் நடுவில் இருந்தால் ஒப்புதல் அங்கிருந்தும் வர வேண்டும். ஓவியர் சரி என்றது மட்டும் போதாது.

2. பாத்திரத்தைப் படியுங்கள்

ஓவியரிடம் 'செத்தெய்' தாள்களைக் கேளுங்கள். பாத்திரத்தின் முன், பக்க, பின் தோற்றங்கள், உயர ஒப்பீடு, முகபாவங்கள் எல்லாம் உள்ள குறிப்புத் தாள்கள் இவை. ஆனால் அவற்றை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். தொடர் ஓட ஓட முகம் மாறியிருக்கும், தாளோ முதல் அத்தியாயத்துக்கு முன்பு வரைந்ததாக இருக்கும். அண்மை அத்தியாயங்களிலிருந்து அதே பாத்திரத்தின் இருபது முகங்களை எடுத்து, பென்சிலால் ஒற்றி வரையுங்கள். பிரதி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, கை அந்தக் கோட்டில் போய்வர வேண்டும். இரு கண்களுக்கு நடுவே எவ்வளவு இடம், மூக்கு கோடா புள்ளியா, தாடை எங்கே திரும்புகிறது என்பதைக் கண் தவறவிடும். கை தவறவிடாது.

அப்போது ஒன்று புலப்படும். மங்கா முகம், சுற்றி வந்து பார்க்கக்கூடிய சிற்பம் கிடையாது. முன்தோற்றத்தில் மூக்கே இல்லாத பெண்ணுக்குப் பக்கத்தோற்றத்தில் கூரான மூக்கு இருக்கும். பக்கவாட்டு முகத்தில் வாய், உதடு இருக்க வேண்டிய விளிம்பில் இல்லாமல் கன்னத்தின் நடுவில் இருக்கும். இரண்டையும் ஒரே தலையாக மனதில் கட்டி அதற்கு ஒளி போட முயன்றால் சாயல் போய்விடும். ஆறாம் கட்டத்தில் இது திரும்ப வரும்.

அடுத்து நிறம். மங்காப் பக்கம் கருப்பு வெள்ளை. பக்கத்தில் முடி வெள்ளையாக விட்டிருப்பதால் அது நரையோ பொன்னிறமோ என்று முடிவு கட்டாதீர்கள். கருமை நிரப்பிய பாத்திரங்களுக்கு நடுவே இவர் தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வெள்ளையாக விட்டிருக்கலாம். ஏற்கெனவே வந்த வண்ணப் பக்கங்கள் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் அதுதான் சட்டம். இல்லையென்றால் தோல், முடி, கண், உடை, அணிகள் ஒவ்வொன்றுக்கும் அடிநிறம், நிழல்நிறம், ஒளிநிறம் என மூன்று கட்டங்கள் கொண்ட நிற அட்டவணை ஒன்று போட்டு, வெள்ளை வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்ற அளவில் ஒப்புதல் வாங்குங்கள். அந்தி வெளிச்சப் படத்தில் "முடியின் நிறம் தப்பு" என்று அவர் சொன்னால், தப்பு முடியிலா வெளிச்சத்திலா என்று பிரித்துப் பேச அது உதவும்.

3. ராஃபு கட்டத்திலேயே உள்ளே நுழையுங்கள்

மங்காப் பட்டறையில் முதல் கிறுக்கலை 'ராஃபு' என்பார்கள், அதன் மேல் வரும் பென்சில் வரைவு 'ஷிதகாகி', மையிடுவது 'பென்-இரே'. நீங்கள் நுழைய வேண்டிய இடம் ராஃபுக்கும் ஷிதகாகிக்கும் நடுவே. ராஃபை வாங்கி, அதன் மேல் சாம்பல் நிறத்தில் மட்டும், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் மூன்று சிறு படங்கள் செய்து அனுப்புங்கள்: ஒளி இடமிருந்து, ஒளி பின்னாலிருந்து, ஒளி மேலிருந்து. சிறியதாகச் செய்தால்தான் முகத்தை மெருகேற்றும் ஆசை வராது. பெரிய இருள், பெரிய வெளிச்சம் மட்டும் தெரியும்.

ஒன்று தேர்வானதும், மையிடும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

- கருமை நிரப்பல், அதாவது 'பெத்தா', வேண்டாம். கருங்கூந்தல் என்றாலும் வெளிக்கோடும் கற்றைக் கோடும் மட்டும் போதும். முழுக்கக் கருமையாக்கிவிட்டால் அதில் நீலமும் ஊதாவும் ஏற்ற இடமிருக்காது.
- டோன் ஒட்ட வேண்டாம். டோன் என்பது அச்சுப் புள்ளிகள். வண்ணத்துக்கு அடியில் அளவு மாறினால் புள்ளிகள் மோதிக்கொண்டு அலையலையாகக் கோலம் போடும்.
- நிழலைக் குறிக்கும் குறுக்குக் கோடுகள் வேண்டாம். அவர் கோட்டில் போட்ட நிழல் ஒரு திசை, நீங்கள் போடும் நிழல் வேறு திசை என்று ஆகிவிடும்.

இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், பெரிய ஓவியரிடம் இதைச் செய்யாதீர்கள் என்று எப்படிச் சொல்வது என்று. "வண்ணத்துக்காக இந்த இடங்களைத் திறந்து விட முடியுமா, சென்செய்?" (ஆசிரியரே என்ற மரியாதை விளி) என்று கேட்டால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. மையிட்ட பிறகு அழிக்கச் சொன்னால்தான் அவர் முகம் சுளிப்பார்.

அட்டை வேலை என்றால் இன்னும் இரண்டு. ஜப்பானியப் புத்தகம் வலப்பக்கம் தைத்தது. மேலுறையை விரித்து வெளிப்பக்கம் பார்த்தால் முன்னட்டை இடப்புறம் வரும், பின்னட்டை வலப்புறம். நம் பழக்கத்தில் முன்னட்டையை வலப்புறம் வைத்துப் படத்தை அமைத்தால், பாத்திரம் பின்னட்டையில் போய் நிற்கும். நானே ஒருமுறை அப்படி முழுப் படத்தையும் அமைத்து அனுப்பியிருக்கிறேன். அதோடு, அட்டையின் கீழ்ப்பகுதியை 'ஓபி' என்ற விளம்பரப் பட்டை மூடும், சில சமயம் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும். கையில் பிடித்திருக்கும் கத்தியோ காலடியில் படுத்திருக்கும் பூனையோ முக்கியம் என்றால் அங்கே வைக்க வேண்டாம் என்று ராஃபிலேயே சொல்லுங்கள்.

4. கோடு கை மாறும் விதம்

*காகித வழி.* மூலத்தாளை யாரும் அனுப்பப் போவதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) சாம்பல் அளவில் ஸ்கேன் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வெறும் கருப்பு வெள்ளையாக எடுத்த கோப்பில் ஜி-பென் (மையில் தொட்டு வரையும் உலோக முனைப் பேனா) கோட்டின் மெல்லிய முனைகள் அறுந்துபோகும்.

அதை நீர்வண்ணத் தாளில் அச்சிட்டு மேலே தீட்டலாம். பிரிண்டரின் மை பிக்மென்ட் வகையாக இருக்க வேண்டும். சாய வகை மை, முதல் ஈரத் தூரிகை பட்டதுமே கன்னத்தில் வழியும். லேசர் அச்சு கரையாது, ஆனால் டோனர் தண்ணீரைத் தள்ளுவதால் கோட்டின் ஓரத்தில் வண்ணம் ஒதுங்கி நிற்கும். ஹாட் பிரஸ் (வழவழப்பான) தாளே நல்லது, சொரசொரப்பான தாளில் மெல்லிய கோடு உடையும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள தாள் எல்லாப் பிரிண்டரிலும் நுழையாது. பின்பக்கத் தட்டு உள்ளதாகத் தேடுங்கள். முதலில் ஒரு மூலையை மட்டும் அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்.

ஒளிப்பெட்டி வைத்து நீங்களே கோட்டை மீண்டும் எடுப்பதும் உண்டு. ஆனால் அப்போது தாளில் இருப்பது உங்கள் கோடு. அவருடைய கை அதில் இல்லை. அவர் சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். மாறாக, நீங்கள் தீட்டிய பிறகு அவர் மேலே மையிடலாமே என்றும் தோன்றும். குவாஷ் (ஒளிபுகாத நீர்வண்ணம்) பூச்சின் மேல் ஜி-பென் ஓடாது. முனை வண்ணத்தைப் பெயர்த்து அடைத்துக்கொள்ளும்.

*டிஜிட்டல் வழி.* ஜப்பானில் பலரும் கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் என்ற வரைகலை மென்பொருள் வைத்திருக்கிறார்கள். நீங்களும் அதையே வைத்துக்கொண்டால் தலைவலி குறைவு. நீங்கள் ஃபோட்டோஷாப் என்றால் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் வடிவக்) கோப்பு கேளுங்கள். அதில் வெக்டர் லேயர்கள் (கோட்டைப் பின்னாலும் திருத்தக்கூடிய அடுக்குகள்) சாதாரண லேயர்களாக மாறிவிடும், 'ஆட் குளோ' போன்ற சில கலப்பு முறைகள் அதே மாதிரி தெரியாது. ஆகவே எல்லா அடுக்கும் ஒன்றாகச் சேர்த்துச் சமதளமாக்கிய பிஎன்ஜி படம் ஒன்றையும் சேர்த்து வாங்கி, ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளைப் பின்னணியோடு கோடு வந்தால், கிளிப் ஸ்டுடியோவில் எடிட் மெனுவில் 'கன்வர்ட் பிரைட்னஸ் டு ஒபாசிட்டி' கொடுங்கள். வெள்ளை போய்க் கோடு மட்டும் நிற்கும். மல்டிப்ளை (வெள்ளை தெரியாமல் அடியிலுள்ள நிறத்தைக் காட்டும் கலப்பு முறை) வைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். சமாளிக்கலாம், ஆனால் ஏழாம் கட்டத்தில் கோட்டுக்கு நிறம் ஏற்றும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

5. அடிநிறம்

அலுப்பான வேலை, சுருக்கமாக முடிக்கிறேன். தோல், முடி, கண், உடை ஒவ்வொன்றுக்கும் தனி லேயர், கோட்டுக்கு அடியில். நிறம் கோட்டின் நடு வரை போக வேண்டும். கோட்டின் ஓரத்தோடு நின்றால், அச்சில் வெள்ளை மயிரிழை தெரியும்.

மங்கா ஓவியர் சில கோடுகளை வேண்டுமென்றே திறந்து விட்டிருப்பார், பெரும்பாலும் ஒளி படும் பக்கத்தில். நிரப்பும் கருவி அந்த வழியே வழிந்து ஓடும். உடனே கோட்டை நீட்டி அடைக்காதீர்கள். அந்தத் திறப்புதான் அவருடைய ஒளி. நிரப்பும் கருவியில் இடைவெளி அடைக்கும் அமைப்பைப் போடுங்கள், அல்லது அடிநிற லேயரில் கையால் வரம்பு கட்டுங்கள்.

6. வண்ணம் தீட்டல்

என் முதல் கூட்டுப் படம் பதினாறு வயதுப் பெண் பாத்திரம். மேலிருந்து வெளிச்சம். படித்த பாடத்தை மறக்காமல் கண்குழியில் மெல்லிய நிழல், மூக்கின் பக்கச் சரிவில் இன்னொன்று, உதட்டோரத்தில் துளி இருட்டு வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. பதிலாக ஒரு வரி வந்தது: "இவளுடைய அம்மாவா?"

தப்பு எதுவும் செய்யவில்லை, உண்மையான முகத்தில் அந்த நிழல்கள் அங்கேதான் விழும். ஆனால் இந்த முகத்தில் கண்குழியே கிடையாது. இல்லாத பள்ளத்துக்கு நிழல் போட்டால், பார்ப்பவர் கண் அதைச் சுருக்கமாக, களைப்பாக, வயதாகப் படிக்கும்.

அதனால் முகத்தில் நான் இப்போது மூன்று நிழல்களுக்கு மேல் போடுவதில்லை. நெற்றியில் முடி விழுந்த நிழல், தாடைக்குக் கீழே கழுத்தில் விழும் நிழல், ஓவியர் தானே மூக்கடியில் கோடு வைத்திருந்தால் அதையொட்டி ஒரு பொட்டு. இவை ஓரம் கூராக இருக்கட்டும். கன்னச் சிவப்பு மட்டும் மென்மையாகக் கரையலாம்.

கண்ணில் இன்னும் கவனம். மேல் இமையின் நிழல் கண்ணின் வெள்ளையில் லேசான நீலச் சாம்பலாக விழட்டும், அதை விட்டால் கண் வெளியே துருத்தும். கருவிழி மேலே அடர்த்தி, கீழே வெளிச்சம். ஒளிப்புள்ளியின் வடிவமும் இடமும் அவர் வைத்தது வைத்தபடி, எல்லாவற்றுக்கும் மேலான லேயரில். ஒளிப்புள்ளியே இல்லாத கண்ணைக் கண்டால் மறந்துவிட்டார் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். மனம் வெறுமையாகிப் போன பாத்திரத்துக்கு வேண்டுமென்றே எடுத்துவிடுவது மங்காவில் வழக்கம். ஒரு வெள்ளைப் புள்ளியால் கதையையே மாற்றிவிடுவீர்கள்.

முடியை இழை இழையாகத் தீட்டாதீர்கள், அவர் வரைந்த கற்றைதான் அலகு. ஒவ்வொரு கற்றைக்கும் ஒரு நிழல் பக்கம். தலையைச் சுற்றி வரும் ஒளி வளையத்தை அங்கே 'தென்ஷி நோ வா' என்கிறார்கள், தேவதையின் வளையம் என்று பொருள். அது கற்றைக்குக் கற்றை உடைந்து உடைந்து போக வேண்டும். ஒரே பட்டையாக இழுத்தால் தலையில் ரிப்பன் கட்டிய மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஓவியனுக்கு என்னதான் மிச்சம் என்று கேட்பீர்கள். உடையும் பின்னணியும் முழுக்க உங்களுடையவை. கோட் துணியின் மடிப்பு, தோல் பையின் தேய்மானம், ஈரச் சுவர், அந்தி வானம், எல்லாவற்றிலும் தூரிகைத் தடம் தெரியட்டும். முகம் தட்டையாக, உடை பாதி கனமாக, பின்னணி முழு ஓவியமாக என்று படிப்படியாக ஏறுங்கள். நடுப்படியான உடையைத் தட்டையாக விட்டால், ஓவியத்தின் முன் அட்டை உருவத்தை வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். பின்னணியின் நிறம் ஒன்றைத் தோல் நிழலிலும் துளி கலந்துவிட்டால் இரண்டும் ஒரே காற்றில் நிற்கும்.

7. கோட்டுக்கு நிறம்

கடைசியில் பார்த்தால் கருங்கோடு வண்ணத்திலிருந்து துருத்தி நிற்கும். கோட்டு லேயரில் வெளிப்படையான பிக்சல்களைப் பூட்டி, இடத்துக்கேற்ப அதன் நிறத்தை மாற்றுவதை 'இரோ-தொரெஸு' என்பார்கள். தோலுக்குள் ஓடும் கோடுகள் செம்பழுப்பு, முடிக்குள் ஓடுபவை முடியின் அடர்நிறம். மேல் இமையையும் உருவத்தின் வெளிக்கோட்டையும் தொடாதீர்கள். அவை மெலிந்தால் தூரத்தில் முகமே கரைந்துவிடும். இந்தக் கட்டத்துக்கு முன்பே மூலக் கோட்டை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

8. திருத்தச் சுற்று

அனுப்பும் முன் நீங்களே இரண்டு சோதனை செய்யுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், பிறகு தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சுருக்கிய படத்தில் யார் இந்தப் பாத்திரம் என்று தெரியவில்லையென்றால் அனுப்பாதீர்கள்.

திருத்தம் படத்தின் மேல் சிவப்புக் கோடாக வரும், 'அகா-இரே' என்பார்கள். ஒவ்வொரு சிவப்புக்கும் நீங்கள் எண் போட்டு, அதே எண்ணில் பதில் எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கருவி வழியே பேசும்போது "கொஞ்சம் மென்மையாக" என்பது நிறமா, ஓரமா, முகபாவமா என்று தெரியாது. எண்ணும் அம்புக்குறியும் தெரிவித்துவிடும். கேள்விகளைச் சேர்த்து ஒரே கடிதமாக அனுப்புங்கள். தொடர் வரைபவருக்கு நேரம் கிடையாது. டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நம் மாலை 6 மணி அங்கே இரவு 9:30. ஆகஸ்ட் நடுவில் ஓபோன் (முன்னோரை நினைவுகூரும் விழா) விடுமுறை, ஆண்டு இறுதியில் அச்சகங்கள் மூடுவதால் கெடு முன்னால் தள்ளி வரும். டிசம்பர் வேலையை நவம்பர் வேலை என்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

9. அச்சுக் கோப்பு

வண்ணப்படத்துக்கு 350 டிபிஐ அங்கே வழக்கம். பி5 என்றால் 182 × 257 மி.மீ., நான்கு பக்கமும் 3 மி.மீ. வெட்டுவிளிம்பு சேர்த்து 188 × 263. அதாவது சுமார் 2,591 × 3,624 பிக்சல். வேலையை இந்த அளவிலோ இதன் இரு மடங்கிலோ தொடங்கியிருக்க வேண்டும், இப்போது பெரிதாக்கக் கூடாது.

ஆர்ஜிபியில் (திரையின் நிறமுறை) தீட்டியிருந்தால், சிஎம்ஒய்கேக்கு (அச்சின் நான்கு மை நிறமுறை) மாற்றும் முன் அச்சகம் எந்தப் புரொஃபைல் (நிற மாற்ற அமைப்புக் கோப்பு) கேட்கிறது என்று விசாரியுங்கள். அங்கே அடிக்கடி கேட்கப்படுவது 'ஜப்பான் கலர் 2001 கோட்டட்'. மாற்றியதும் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் மின்நீலமும் மங்கும். பாத்திரத்தின் முடி அந்த நிறம் என்றால், இரண்டாம் கட்டத்து நிற அட்டவணையையே இந்தப் புரொஃபைலில் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். தோலில் கருப்பு மை பூஜ்யமாகவும் சியான் (நீல மை) முடிந்த அளவு குறைவாகவும் இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் ஏறினாலும் காகிதத்தில் தோல் அழுக்காகத் தெரியும்.

லேயர்கள் உள்ள பிஎஸ்டி ஒன்று, சமதளமாக்கியது ஒன்று. கோப்புப் பெயரில் தமிழ் எழுத்தோ ஜப்பானிய எழுத்தோ வேண்டாம், அங்கே திறக்கும்போது பெயர் கட்டம் கட்டமாக வரக்கூடும். தொடர் மங்கா என்றால் அடுத்த தொகுதிக்கும் கூப்பிடுவார்கள், அது ஆறு மாதம் கழித்து வரும். நிற அட்டவணையையும் தேர்வான சாம்பல் படத்தையும் எண்ணிட்ட திருத்தக் கடிதத்தையும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.